கைநாட்டும் கையெழுத்தும்

(வலப்பனையில் உயர்தர வகுப்பு மாணவியரும் அவர்களின் தாய்மாரும் கூடியிருந்த அவையில், மலையகத்தைச் சேர்ந்த பெண் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் கையில் இருப்பது ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் ஆண்டறிக்கை. வழவழப்பான தாள், நல்ல அச்சு. கடைசி வரிசைக்கும் தெரியட்டும் என்று தூக்கிப் பிடிக்கிறேன். அட்டையில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். நம் பெண். தலையில் துண்டு, முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். பின்னால் பனிமூட்டம். அழகான படம்தான். அவள் பெயர் எங்கே? அட்டை முழுக்கத் தேடினேன், உள்ளட்டையிலும் தேடினேன். போடவில்லை.

இனி உள்ளே புரட்டுகிறேன். இதோ பணிப்பாளர் சபை. ஒவ்வொருவருக்கும் ஒரு படம். படத்தின் கீழே பெயர், பெயருக்குப் பின்னால் பட்டம். அதன் பிறகு எங்கே படித்தார், எந்தப் பதவியில் இருந்தார், வேறு எந்தக் கம்பனிகளில் பணிப்பாளர் என்று ஒரு குறிப்பு. இந்தக் குறிப்புகளை நான் கதைப் புத்தகம் வாசிப்பதுபோல வாசிப்பேன். கணக்காளர் இருப்பார், வங்கியில் இருந்தவர் இருப்பார், சின்னத்துரையாகத் தோட்டத்துக்கு வந்து மேலே போனவர் இருப்பார். அவர்களுக்கு நடுவே பெரும்பாலும் ஒரு சட்டத்தரணியும் இருப்பார்.

அட்டைக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவில் எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுத் தாள்தான். நூற்றைம்பது வருடமாக நம் பெண்கள் அந்த ஏழெட்டுத் தாளைத் தாண்டவில்லை. தாண்டுவதற்கு ஒரு பாதை உண்டு, அந்தப் பாதையில் போனவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

என் பாதை எங்கே தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில் பிறந்தவள் நான். அம்மா முப்பத்துநாலு வருடம் கொழுந்தெடுத்தார். சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் வரிசை நிற்கும். அம்மாவின் முறை வந்ததும் பெருவிரலை மையில் அழுத்தி ஏட்டில் வைப்பார். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் தேயிலைக் கறையும் மையும் சேர்ந்து அந்த விரல் இரண்டு நாளைக்குக் கறுப்பாகவே இருக்கும். என்ன எழுதியிருந்த தாளில் விரலை வைத்தார் என்று அவருக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அம்மா ஓய்வு பெற்றபோது சேவைக்காலப் பணம் வரவில்லை. காரணம் என்னவென்றால், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதே பெயர் வேறு எழுத்தில், தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் கணக்குப்பிள்ளையின் காதில் விழுந்தபடி மூன்றாவதாக ஒரு பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். முப்பத்துநாலு வருடம் ஒவ்வொரு நாள் காலையிலும் பிரட்டுக்களத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியவர்கள்தான் கேட்டார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம் என்கிறது. முப்பத்துநாலு வருடத்துக்கு 476 நாள் சம்பளம். வேலை முடிந்து முப்பது நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அம்மா இரண்டு வருடம் நடந்தார். ஒவ்வொரு முறையும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அந்த மூன்று தாளையும் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்.

கடைசியில் நகரத்தில் ஒரு பெண் சட்டத்தரணி அந்தப் பையை வாங்கிப் பார்த்தார். மூன்று தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒரு சத்தியக்கடதாசி எழுதினார். ஒரே பக்கம். அம்மாவுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டி, விளங்கியதா என்று கேட்டு, அதன் பிறகுதான் விரலை வைக்கச் சொன்னார். தன் வாழ்நாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு அம்மா கைநாட்டு வைத்த முதல் தாள் அதுதான். அடுத்த இரண்டு மாதத்தில் பணம் வந்தது. நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மையாரின் மேசைப் பக்கத்தில் நின்றபோதுதான் சட்டம் படிப்பது என்று முடிவெடுத்தேன்.

சட்டம் படித்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம், வழக்குப் பேசலாம். அது நமக்குத் தெரியும். ஆனால் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நம் நாட்டுக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1913இல் கொழும்பில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்த ஆவாபாய் மேத்தா, 1934இல் இங்கிலாந்தின் சட்டப் பரீட்சையில் தேறினார். இலங்கைப் பெண்களில் அதை முதலில் செய்தவர் அவர்தான். பின்னாளில் ஆவாபாய் வாடியா என்ற பெயரில் இந்தியாவின் குடும்பத் திட்ட இயக்கத்தை நடத்தியவரும் அவரே. அவருக்குப் பிறகு உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் நீதியரசர் வர 1996 வரை காத்திருந்தோம். ஷிராணி பண்டாரநாயக்க வந்தார். சட்டமா அதிபர் நாற்காலிக்கு ஒரு பெண் வர 2011 ஆனது; ஈவா வனசுந்தர வந்தார். கதவு திறக்க எத்தனை காலம் எடுக்கிறது என்று கணக்குப் பாருங்கள்.

இவர்களோடு சேர்த்து இன்னொருவரைச் சொல்ல வேண்டும். பத்திரிகைகள் அதிகம் கொண்டாடாத பெயர். தாரா விஜயதிலக்க. சட்டத்தரணி. நீதி அமைச்சின் செயலாளராகப் பல வருடம் இருந்தார், வேறு அமைச்சுகளுக்கும் செயலாளராக இருந்தார். அரச சேவையை முடித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. இலங்கை வர்த்தகச் சம்மேளனத்தின் செயலாளர் நாயகமாகவும் பிரதம நிறைவேற்று அதிகாரியாகவும் போய் அமர்ந்தார்.

வர்த்தகச் சம்மேளனம் என்றால் நமக்கு ஏதோ கொழும்புக் காரியம்போலக் கேட்கும். அது நம் கதைக்குள்ளேயே இருக்கிற நிறுவனம். 1839இல் தொடங்கியது. அப்போது இந்த மலைகளில் தேயிலை கிடையாது, கோப்பி. நம் முப்பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக் காட்டு வழியே நடந்து வந்து செத்தும் பிழைத்தும் நட்ட கோப்பியை விற்றுப் பணமாக்கிய வியாபாரிகள் கூடி அமைத்த சங்கம் அது. பிறகு கோப்பி நோய் வந்து அழிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் போட்ட 19 ஏக்கர் தேயிலை இந்தப் பக்கமும் பரவியது. கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் நடந்தது. இன்றைக்கும் கொழும்பு ஏலம் அந்தச் சம்மேளனத்தின் நிழலில்தான் நடக்கிறது. ஹைபொரஸ்ட் தோட்டத்தில் இன்று காலை நீங்கள் எடுத்த கொழுந்து தூளாகி, மூட்டையாகி, அங்கேதான் விலை போகிறது.

அப்படிப்பட்ட இடத்தின் நிர்வாகத்தை நடத்தும் நாற்காலியில் சட்டம் படித்த ஒரு பெண் அமர்ந்தார். நீதி அமைச்சில் சட்டமூலம் எப்படி எழுதப்படுகிறது, எந்தச் சொல்லை எங்கே போட்டால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று வருடக்கணக்காகப் பார்த்த கண்ணோடு அமர்ந்தார். கம்பனிக்காரர்களுக்கு அவர் தேவைப்பட்டதற்குக் காரணமும் அந்தக் கண்தான். அரசாங்கம் ஒரு வரியை மாற்றினால், ஒரு வர்த்தமானியை வெளியிட்டால் அதன் உட்பொருளை வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும். அரச பதவி அந்த வாசிப்பைக் கற்றுக்கொடுக்கிறது. கம்பனி அதற்கு நாற்காலி தருகிறது.

அவர் கொழும்பு, சிங்களப் பெண், நல்ல பாடசாலையில் படித்திருப்பார், நமக்கும் அதற்கும் என்ன என்று அங்கே ஒரு தங்கை பக்கத்துப் பிள்ளையின் காதில் சொல்வது தெரிகிறது. நியாயமான கேள்வி. லயத்திலிருந்து யாராவது போனார்களா என்பதுதானே கேள்வி? நம்மைப் போலக் கடல் கடந்து கொண்டுபோகப்பட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளையைக் காட்டுகிறேன்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து துரூரோ என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள். நாம் கோப்பிக்கு, அவர்கள் கரும்புக்கு. அப்படிப் போன தமிழர் வழியில் 1941இல் டர்பனின் கிளேர்வுட் பகுதியில் பிறந்தவர் நவநீதம் பிள்ளை. அப்பா பஸ் சாரதி. ஆறு வயதில் அப்பாவின் சம்பளப் பணத்தை, 5 பவுணை, அந்தச் சிறுமியிடமிருந்து ஒருவன் திருடிவிட்டான். பிள்ளை நீதிமன்றத்துக்குப் போய்ச் சாட்சி சொன்னாள். திருடனுக்குத் தண்டனை கிடைத்தது. பணம் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு மாதச் சம்பளம் போனால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தண்டனை கொடுத்த நீதிமன்றம் தன் அப்பாவின் காசை ஏன் வாங்கித் தரவில்லை என்ற கேள்வி அந்தப் பிள்ளையை விடவில்லை.

அவரைப் படிக்க வைத்தது அவருடைய சனம். ஊரார் காசு சேர்த்துக் கொடுத்து நேட்டால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். 1965இல் சட்டப் பட்டம். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஒரே பதில்: வெள்ளைக்கார ஊழியர்கள் ஒரு கறுத்த பெண்ணின் சொல் கேட்டு வேலை செய்ய மாட்டார்கள். சரி என்று 1967இல் சொந்தமாக ஆபீஸ் திறந்தார். நேட்டால் மாகாணத்தில் சொந்தச் சட்ட அலுவலகம் திறந்த, வெள்ளையர் அல்லாத முதல் பெண் அவர். ரொபன் தீவுச் சிறைவாசிகள் சட்டத்தரணியைச் சந்திக்கும் உரிமைக்காக 1973இல் வழக்காடி வென்றார். நெல்சன் மண்டேலா அப்போது அந்தத் தீவில்தான் இருந்தார். 1995இல் நீதிபதி. பிறகு ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேச நீதிமன்றம். அங்கே 1998இல் அகாயேசு வழக்கில் பெண்கள் மீதான பாலியல் வன்முறையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று தீர்ப்பெழுதிய மூவரில் ஒருவர் அவர். 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையாளர். கூலி வழி வந்த பஸ் சாரதியின் மகள்.

நவநீதம் பிள்ளை கம்பனிப் பக்கம் போகவில்லை. அவர் பாதை நீதிமன்றம். அந்தப் பாதையின் மறுபாதியைக் காட்ட இன்னொரு பெண்ணிடம் போக வேண்டியிருக்கிறது. அவர் தமிழரல்ல, ஆனால் அவர் கதையில் நம் சாயல் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன்.

பட்ரீசியா ரொபர்ட்ஸ் ஹரிஸ். அமெரிக்கா, இலினோய் மாநிலம், மட்டூன் என்ற சின்ன ரயில்வே ஊர். 1924இல் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். அப்பா ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறுகிறவர். அப்பா பிரிந்து போன பிறகு, ஆசிரியையான அம்மாவும் பாட்டியும் வளர்த்தார்கள். ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1943இல், கறுப்பர்களுக்குச் சாப்பாடு கொடுக்காத ஒரு கடைக்குள் மாணவர்கள் போய் உட்கார்ந்து எழும்ப மறுத்த போராட்டத்தில் கலந்துகொண்டார். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரை உலகம் அறிவதற்குப் பத்து வருடத்துக்கு மேல் முந்திய காலம் அது.

தாய்மாரே, இந்த இடத்தை நீங்கள் கவனியுங்கள். அவர் சட்டக் கல்லூரிக்குப் போனது கல்யாணத்துக்குப் பிறகு. 1955இல் கல்யாணம். போய்ப் படி என்று சொன்னவர் கணவர்; அவரும் சட்டத்தரணி. 1960இல் ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தபோது வயது 36. வகுப்பில் 94 பேர். முதலிடம் இவர்.

முதல் வேலை நீதித் திணைக்களத்தில். பிறகு ஹவர்டில் விரிவுரை. 1965இல் ஜனாதிபதி ஜோன்சன் அவரை லக்சம்பேர்க் நாட்டுக்குத் தூதுவராக அனுப்பினார். அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் தூதுவர். இரண்டு வருடம் அங்கே இருந்தார். 1969இல் ஹவர்ட் சட்டக் கல்லூரியின் பீடாதிபதியானார். அந்தப் பதவியில் ஏறக்குறைய ஒரு மாதம்தான் இருந்தார். மாணவர் போராட்டம் வந்தது, நிர்வாகத்தோடு ஒத்துப்போகவில்லை, இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். பெரிய மனிதர்களின் கதையில் இப்படிப்பட்ட பக்கத்தை நாம் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நான் கிழிக்க மாட்டேன். ஒரு மாதத்தில் வேலையை விட்ட பெண்ணைத்தான் இரண்டு வருடம் கழித்து உலகத்தின் மிகப் பெரிய கம்பனிகளில் ஒன்று கூப்பிட்டது.

1971இல் ஐபிஎம் கம்பனி அவரைப் பணிப்பாளர் சபைக்கு எடுத்தது. அமெரிக்காவின் பெருங்கம்பனி ஒன்றின் பணிப்பாளர் சபையில் உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். சேஸ் மன்ஹட்டன் வங்கியிலும் ஸ்கொட் காகிதக் கம்பனியிலும்கூட அதே நாற்காலி கிடைத்தது. ரயிலில் மற்றவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு நீட்டிய மனிதரின் மகள், வங்கியின் மேசையில்.

ஆறு வருடம் கழித்து அந்த வெற்றியே அவருக்கு எதிராக நின்றது. இந்தக் காட்சிக்காகவே நான் அவர் கதையை எடுத்தேன். 1977 ஜனவரி. ஜனாதிபதியாகத் தெரிவாகியிருந்த கார்ட்டர் அவரை வீடமைப்பு அமைச்சர் பதவிக்கு முன்மொழிந்திருந்தார். செனட் சபை விசாரித்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். செனட்டர் புரொக்ஸ்மையர் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் பெரிய சட்டத்தரணி, பெரிய கம்பனிகளின் பணிப்பாளர், உங்களுக்கு ஏழை எளியவர்களின் நிலைமை புரியுமா என்ற கருத்தில் கேட்டார். ஹரிஸ் தயங்கவில்லை. நான் யார் என்று உங்களுக்குத் தெரியவில்லைபோலும், நானும் அவர்களில் ஒருத்திதான் என்றார். ரயில் சாப்பாட்டுப் பெட்டித் தொழிலாளியின் மகள், கறுப்பினப் பெண் என்றார். எட்டு வருடத்துக்கு முன்னால்கூட இதே தலைநகரத்தின் சில பகுதிகளில் தன்னால் ஒரு வீடு வாங்க முடியாமல் இருந்ததைச் சொன்னார்.

சபை ஒப்புதல் கொடுத்தது. அமெரிக்க அமைச்சரவையின் முதல் கறுப்பினப் பெண் ஆனார். பாழடைந்த குடியிருப்புகளை இடித்துத் தள்ளுவதைவிடத் திருத்திக் கொடுப்பதில் கவனம் வைத்தார். 1979இல் இன்னும் பெரிய அமைச்சு, சுகாதாரமும் கல்வியும் சமூகநலமும் சேர்ந்தது. 1982இல் வாஷிங்டன் நகர முதல்வர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1985இல், அறுபதாவது வயதில், மார்பகப் புற்றுநோயில் இறந்தார்.

அந்தச் செனட்டர் கேட்ட கேள்வியை நாளைக்கு உங்களிடமும் கேட்பார்கள். வேறு யாரும் கேட்பதற்கு முன் நம் லயத்திலேயே கேட்பார்கள். படித்துப் பெரிய ஆளாகிக் கம்பனிப் பக்கம் போய்விட்டாளே, இனி நம்மைத் தெரியுமா என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை, அனுபவம் கேட்க வைக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்காக மேசையையே வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. மேசையில் இருப்பவரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு சம்பவம். ஹரிஸ் ஐபிஎம்முக்குப் போன அதே 1971இல் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி லியோன் சலிவன் என்ற கறுப்பினப் போதகரைப் பணிப்பாளராக எடுத்தது. அந்த வருடமே பங்குதாரர் பொதுக் கூட்டத்தில் அவர் எழுந்து, நிறவெறி நடக்கும் தென்னாபிரிக்காவிலிருந்து நம் கம்பனி வெளியேற வேண்டும் என்று பேசினார். தன் சபைக்கு எதிராகத் தானே பேசினார். வாக்கெடுப்பில் தோற்றார். விடவில்லை. 1977இல் அவர் எழுதிய கொள்கைகளை, சம வேலைக்குச் சம சம்பளம், சாப்பாட்டு அறையிலும் கழிவறையிலும் பிரிவினை கூடாது என்பவற்றை, பல அமெரிக்கக் கம்பனிகள் ஏற்றுக்கொண்டன. நவநீதம் பிள்ளை டர்பனில் தனி ஆளாக ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. அவர் நீதிமன்றத்தில் நின்று தள்ளிய சுவரை இவர் கம்பனி மேசையிலிருந்து தள்ளினார்.

நம் மலைக்கு வருவோம். இங்கே நம் சம்பளத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? பிரட்டுக்களத்தில் யாரும் தீர்மானிப்பதில்லை. கம்பனிச் சபைகளிலும் சம்பளச் சபையிலும் அமைச்சிலும் கடைசியில் நீதிமன்றத்திலும் தீர்மானமாகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதே 1984இல்தான் தோட்டத்துக்கு வந்தது. அதுவரைக்கும் ஒரே மலையில் ஒரே வெயிலில் நின்ற நம் பாட்டிமாருக்குக் குறைந்த கூலி. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு வர்த்தமானி வந்தபோது கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை, சம்பளம் நிலைத்தது. அந்த நாட்களில் நீங்கள் லயத்து வாசலில் வானொலி கேட்டுக்கொண்டு இருந்தீர்கள். உங்கள் ஒரு நாள் கூலியைப் பற்றிய வாதம், உங்களுக்கு விளங்காத மொழியில், உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருத்தியும் இல்லாத அறையில் நடந்தது. எனக்கு நெஞ்சு கொதித்தது அதற்காகத்தான்.

அரசியலில் கொஞ்சம் கதவு திறந்திருக்கிறது. உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெண் உறுப்பினர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2024 நவம்பரில் நுவரெலியாவிலிருந்து கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் என நம் பெண்கள் நாடாளுமன்றம் போனார்கள். கம்பனிகளுக்கும் இப்படிச் சட்டம் போட்ட நாடுகள் உண்டு. நோர்வே 2003இல் பெரிய கம்பனிகளின் சபையில் நூற்றுக்கு 40 என்று சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவின் 2013 கம்பனிகள் சட்டம், பங்குச் சந்தையில் இருக்கும் கம்பனி ஒவ்வொன்றிலும் ஒரு பெண் பணிப்பாளராவது இருக்க வேண்டும் என்கிறது. என் கருத்தில் தோட்டக் கம்பனிகளுக்கு அப்படி ஒரு விதி இங்கேயும் வர வேண்டும். கொழுந்தெடுப்பது பெரும்பாலும் பெண்களின் கை. அந்தக் கை இல்லாத சபை, பாதித் தோட்டத்தைக் கண்ணால் பார்க்காத சபை.

விதி வந்தாலும் உட்கார ஆள் வேண்டுமே. தங்கைமாரே, உங்களிடம் வருகிறேன். சட்டத்துக்கு இரண்டு வாசல். உயர்தரத்தில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் பல்கலைக்கழகச் சட்டபீடம். இல்லாவிட்டால் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை. வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணி படிக்கவும் வழியுண்டு. எங்கே படித்தாலும் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்ய, 1874 முதல் இருக்கும் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையைத் தாண்ட வேண்டும். அந்தக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த ஒரு விதி கொண்டுவரப் பார்த்தார்கள். 2023இல் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. நிறைவேறியிருந்தால் இந்த மண்டபத்தில் இருக்கும் முக்கால்வாசிப் பேருக்கு வாசல் சாத்தப்பட்டிருக்கும். ஆகவே தமிழில் பரீட்சை எழுதலாம். ஆனால் மேசை வரைக்கும் போக நினைக்கிற பிள்ளை ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் விடாமல் பிடிக்க வேண்டும். கம்பனியின் ஆண்டறிக்கையும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் வழக்குகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. எனக்கு அது முப்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது. உங்களுக்குப் பதினெட்டில் விளங்கட்டும்.

பயிற்சிக் காலத்தில் நான் போன ஒரு அலுவலகத்தில் முதல் நாளே தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதானே, நல்லா ஊற்றுவாய் என்றார்கள். ஊற்றினேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு மாலை எல்லோரும் போன பிறகு, அலுமாரியிலிருந்த கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் எந்த வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த அலுவலகத்தில் நானாகத்தான் இருந்தேன். அதன் பிறகு யாரும் தேத்தண்ணி கேட்கவில்லை.

சட்டம் முடித்ததும் அரச சேவைக்கும் விண்ணப்பியுங்கள். சட்டமா அதிபர் திணைக்களம், தொழில் திணைக்களம், சட்டவரைஞர் திணைக்களம், மாகாண அமைச்சுகள். சம்பளம் குறைவு என்று ஒதுக்காதீர்கள். ஒரு தாள் எந்த மேசையில் பிறந்து எந்த மேசையில் நிற்கிறது என்று அங்கேதான் தெரியும். தாரா விஜயதிலக்கவைச் சம்மேளனம் கூப்பிட்டதும் ஹரிஸை ஐபிஎம் கூப்பிட்டதும் அந்த அறிவுக்காக. பத்து வருடம், பதினைந்து வருடம் அங்கே இருந்துவிட்டு, பிறகு கம்பனிச் செயலாளராக, சட்ட ஆலோசகராக, பணிப்பாளராக இந்த மலைக்குத் திரும்பி வாருங்கள். அன்றைக்கு யாராவது, ஏழையின் நிலைமை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டால் பதில் சொல்ல உங்களுக்கு ஆயத்தம் தேவைப்படாது.

தாய்மாரே, உங்களிடம் ஒரே ஒரு வேலை கேட்கிறேன். இன்று ராத்திரி அடுப்பு வேலை முடிந்ததும் தகரப்பெட்டியைத் திறந்து உங்கள் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுங்கள். ஆபீசில் கேட்டு செக்ரோலில் உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். உயர்தரம் படிக்கும் உங்கள் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, மூன்றையும் ஒரு மேசையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் காத்திருக்காமல் கொண்டு வாருங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து இதே மண்டபத்தில் நான் இருப்பேன்.